தரங்கம்பாடியின் பெயர் தாங்கிய கடல் நத்தை

திருப்பனந்தாளிலிருந்து கிழக்கே மயிலாடுதுறையைக் கடந்து சென்றால், காவிரிப் படுகை கடலைத் தொடும் இடத்தில் தரங்கம்பாடி உள்ளது. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர் இங்குக் கோட்டை கட்டி வணிகம் செய்தனர். தரங்கம்பாடி என்ற பெயர் ஐரோப்பியர் வாயில் 'டிரான்கேபார்' எனத் திரிந்தது. அந்தத் திரிந்த வடிவமே உயிரினங்களின் இலத்தீன் பெயர்களில் இடம்பெற்றது.

சில சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு கடல் நத்தைக்கு, 1791இல் ஜெர்மானிய அறிஞர் கிமெலின் 'புக்சினம் டிரான்குபாரிக்கம்' எனப் பெயரிட்டார். லின்னேயசின் 'சிஸ்டெமா நேச்சுரே' நூலை விரிவாக்கிப் பதிப்பித்தவர் இவர். பின்னாளில் அந்த நத்தை 'காந்தரஸ்' என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. இலத்தீனில் புக்சினம் அஃறிணைப் பால், காந்தரஸ் ஆண்பால். ஆகவே ஊர்ப்பெயரின் ஈறும் மாறி 'காந்தரஸ் டிரான்குபாரிக்கஸ்' ஆயிற்று. கழுத்தில் கருவளையம் கொண்ட செந்நிறப் புறா ஒன்றும் இதே பெயரைப் பெற்றது. 1804இல் வெளியான எர்மானின் நூல் வழியே வந்த அப்பெயர், இன்று பெண்பாலில் 'ஸ்ட்ரெப்டோபீலியா டிரான்குபாரிக்கா' என வழங்குகிறது. நாட்டு மருத்துவத்தில் சளிக்கும் இருமலுக்கும் பயன்படும் தவசு முருங்கையோ 'ஜஸ்டீசியா டிரான்குபாரியென்சிஸ்'.

பெயர் ஒன்றுபட்டதால் இவை உறவினங்கள் ஆகிவிடா. ஒரே பேரினத்துக்குள் இரண்டு இனங்களுக்கு ஒரே பெயர் கூடாது. வெவ்வேறு பேரினங்களில் தடையில்லை. அந்த ஊருக்கே உரியவை என்றும் கொள்ள முடியாது. புறா சீனா, பிலிப்பைன்ஸ் வரை வாழ்கிறது.

இத்தனை உயிர்கள் ஒரு சிற்றூரின் பெயரைப் பெறக் காரணம், அங்கிருந்து மாதிரிகள் தொடர்ந்து ஐரோப்பாவுக்குச் சென்றதுதான். லின்னேயசின் மாணவர் கோனிக் 1768இல் மருத்துவராக இங்கு வந்து தாவரங்களைச் சேகரித்தார். சமயப் பணியாளர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் பெர்லினில் இருந்த பிளாக்குக்கு மீன்களை அனுப்பினார். கத்தாளை மீன்களின் 'ஜானியஸ்' என்ற பேரினப் பெயர் அவர் நினைவாக வைக்கப்பட்டதே. வலையில் சிக்கியதைக் கரைக்குக் கொண்டுவந்த மீனவர் எவர் பெயரும் இவ்வரிசையில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

டேனியர் 1845இல் இவ்வூரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றனர். இன்று ஊர்ப்பெயர் தமிழில் எழுதப்படுவதுபோல நத்தையின் பெயரைத் திருத்த இயலாது. முதலில் வெளியிட்டவர் எழுதிய எழுத்துகளைக் காப்பதே விலங்குப் பெயரீட்டு விதி. பேரினத்தின் பாலுக்கு ஏற்ப ஈறு மட்டுமே மாறும்.