பெயர்ப்பலகையில் எஞ்சிய வரலாறு

கெலவரப்பள்ளி அணையை அடுத்த ஓசூர் வட்டாரச் சிற்றூர்களில், அரசுத் தொடக்கப் பள்ளிகள் இன்றும் ‘ஊராட்சி ஒன்றியம்’ என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அப்பெயருக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு.

ஓசூர் சேலம் மாவட்டத்தில் இருந்த ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பொதுப் பள்ளிகளை நடத்தின. பின்னர், 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தால் அமைந்த ஒன்றியங்கள் தொடக்கக் கல்வியை ஏற்றன. 1965இல் தருமபுரி மாவட்டமும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் உருவாயின. இதற்கிடையே, 1981இல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். அதிகாரம் கல்வித்துறையிடம் சென்றது. ஊருக்குப் பெயர்ப்பலகையே மிஞ்சியது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அவ்வுரிமையில் ஒரு பகுதியை மீட்டளித்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும் நிதிச் செலவைக் கண்காணிப்பதும் அக்குழுவின் கடமைகள்.

தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது வழங்கும் இவ்வெல்லையில், உருது ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாவிடின் அதனை முறைப்படி எழுப்பவேண்டிய இடம் அக்குழுவே. நம் சகோதரிகள் அதில் அமராவிடின், நம் பிள்ளைகளுக்காக அங்கே பேசுவார் யார்? பொதுப்பள்ளியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.