விழுந்த மரங்கள் சொன்ன சாட்சி

கடலிலிருந்து வருகிற புயலும், அமெரிக்காவில் டொர்னாடோ என்று சொல்கிற சுழற்காற்றும் ஒன்றுதானா என்று கேட்கிறவர்கள் உண்டு. படித்தவர்களே இதில் வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள்.

1821 செப்டம்பர் 3-ந் தேதி அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு ஹரிக்கேன் அடித்தது. நம்ம வங்கக் கடல் புயலும் அந்த ஹரிக்கேனும் ஒரே சாதிதான், பேர்தான் வேறே. சேணம் தைக்கிற தொழில் கற்ற வில்லியம் ரெட்ஃபீல்டு என்பவர் புயலுக்குப் பிறகு அந்தப் பக்கம் பயணம் போனார். கனெக்டிகட் மாநிலத்தில் அவர் ஊர்ப் பக்கத்து மரங்கள் வடமேற்கே தலைவைத்துக் கிடந்தன. மாசசூசெட்ஸ் பக்கம் போனால் தென்கிழக்கே தலைவைத்துக் கிடந்தன. ஒரே புயலில் இது எப்படி? காற்று செக்குமாடு மாதிரி சுற்றித்தான் வந்திருக்க வேண்டும் என்று 1831-ல் எழுதினார்.

ஜேம்ஸ் எஸ்பி என்ற இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்பு காற்றை இழுக்கிற மாதிரி நாலு பக்கக் காற்றும் நடுவை நோக்கி நேரே பாய்கிறது என்றார். 1835 ஜூன் 19-ல் நியூ பிரன்ஸ்விக் ஊரில் டொர்னாடோ அடித்ததும், இரண்டு தரப்பும் அங்கே விழுந்த மரங்களைச் சாட்சிக்கு இழுத்தன. உள்ளபடி இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை. காற்று உள்ளே இழுபட்டுக்கொண்டே சுற்றுகிறது.

பிற்பாடு கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன், பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பேரை எடுத்து, 1848-ல் மாலுமிகளுக்கான தம் புத்தகத்தில் எழுதினார். அமெரிக்க உள்நாட்டு விவசாயிகளோ டொர்னாடோவையே சைக்ளோன் என்றார்கள். குழப்பம் கூடிப்போச்சு.

வித்தியாசம் இதுதான். புயலுக்குச் சூடான கடல்தான் சோறு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் ஆயுசு, தரை ஏறினால் சோர்ந்துவிடும். டொர்னாடோ ஒரு இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்குகிற காற்றுத்தூண். பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அகலம், சில நிமிஷம்தான் இருக்கும். ஆனாலும் அந்த ஒடுக்கமான பாதையில் அதன் காற்று புயலையும் மிஞ்சும்.

ஆபத்து எதில் அதிகம் என்றால், முன்னறிவிப்பு எதில் குறைவோ அதில்தான். ஜனங்கள் பீதியடைவார்கள் என்று அமெரிக்க வானிலைத் துறை 1938 வரை தன் அறிவிப்பில் 'டொர்னாடோ' என்ற சொல்லையே ஒதுக்கி வைத்திருந்தது. 1925 மார்ச் 18-ல் ஒரு டொர்னாடோ மூன்று மாநிலங்களில் சுமார் 350 கிலோமீட்டர் உழுதுகொண்டு போய் 695 உயிரைக் குடித்தது. பயப்படுத்தக் கூடாது என்று வாயை மூடியது என்ன நியாயமோ, எனக்கு விளங்கவில்லை. 1948 மார்ச் 25-ல்தான் ஓக்லஹாமா விமானப்படைத் தளத்தில் இரண்டு அதிகாரிகள் துணிந்து முன்னறிவிப்புக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே டொர்னாடோ அந்தத் தளத்தில் அடித்தது.

இனி உறவு. புயல் டொர்னாடோவாக மாறுவதில்லை, ஆனால் குட்டி போடும். 1967 செப்டம்பரில் டெக்சாஸில் ஏறிய பியூலா புயல் நூறுக்கு மேல் டொர்னாடோக்களை ஈன்றது. புயல் கரை ஏறும்போது அடிக்காற்று மரத்திலும் மேட்டிலும் உரசித் தாமதப்படும், மேல்காற்று வேகமாகவே ஓடும். நடுவில் அகப்பட்ட காற்று, உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுகிற திரி மாதிரி படுக்கையாக உருளும். இடிமேகத்தின் மேலெழும் காற்று அதைத் தூக்கி நிமிர்த்தினால் டொர்னாடோ. மழைத் திரைக்குள் மறைந்து வருவதால் இந்தக் குட்டிகள் கண்ணுக்குத் தெரிவதும் கஷ்டம்.

ரெட்ஃபீல்டின் கணக்கு நமக்கும் உதவும். நம் பூமிப் பாதியில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயல் மையம் ஏறக்குறைய இடதுகைப் பக்கம். நம் கீழைக் கரையில் பலத்த வாடை அடித்தால் மையம் கிழக்கே கடலில் நிற்கிறது. காற்று திடீரென்று ஓய்ந்தால் கண் தலைக்கு மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். மாட்டை அவிழ்க்கவோ கூரையைப் பார்க்கவோ உடனே வெளியே ஓடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும்.