பக்கத்தில் வைத்த புள்ளி

தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் ஓசை குறுகும்: ‘க’வுக்கு ஒரு மாத்திரை, ‘க்’குக்கு அரை. மேற்கத்திய இசைத்தாளில் தலைகீழ். ஸ்வரத்தின் வலப்பக்கம் புள்ளி வைத்தால் நீளத்தில் பாதி கூடும். ஒரு எண்ணிக்கை கிராச்செட் ஒன்றரையாகும். ‘ஒன் அண்ட் டூ அண்ட்’ என்று எண்ணிக்கொண்டே வாசிக்கச் சொல்வார்கள். ‘ஒன்’னில் அழுத்திய விரல் ‘டூ’விலும் எழும்பாது. புள்ளி குடியிருப்பது அந்த ‘டூ’வில்தான். அடுத்து வரும் அரை எண்ணிக்கை குவேவர் கடைசி ‘அண்ட்’டில் விழும். பழகாத கை அதை அவசரப்பட்டு ‘டூ’விலேயே தட்டிவிடும்.

பிறந்த காலத்தில் இந்தப் புள்ளிக்கு ஒரே வேலை இல்லை. 14ஆம் நூற்றாண்டு பிரான்சில், இசைக் கோட்பாட்டாளர் பிலிப் த வித்ரியின் காலத்தில், ஒரு பெரிய ஸ்வரம் மூன்றாகவும் பிரியலாம், இரண்டாகவும் பிரியலாம். மூன்றுதான் ‘நிறைவு’, பரிசுத்த திரித்துவத்தையே அதற்குச் சாட்சிக்கு அழைத்தார்கள். இரண்டு குறைபட்டது. குறைபட்டதன் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் அது மூன்றுக்குச் சமமாகிவிடும். அதே தாளில் இன்னொரு புள்ளி, ‘இந்தக் கூட்டம் இத்தோடு முடிந்தது’ என்று வேலி மட்டும் போடும். இரண்டுக்கும் ஒரே உருவம். எது எது என்று கண்டுபிடிப்பது பாடகர் பாடு. அதோடு ஒப்பிட்டால் இன்றைய மாணவருக்கு ரொம்பவும் அழ உரிமையில்லை.

வேலி வேலை பின்னாளில் போய்விட்டது. ஆனாலும் புள்ளி நெடுநாள் ரப்பராகவே இருந்தது. புள்ளி வைத்த ஸ்வரத்தை எழுதியதைவிட இழுத்து, பின்னால் வரும் குட்டி ஸ்வரத்தைச் சுருக்கச் சொன்னார் புல்லாங்குழல் வித்வான் குவான்ட்ஸ், 1752இல். நான்கு ஆண்டுகள் கழித்து மொசார்ட்டின் அப்பா லியோபோல்ட், அப்படியானால் இரண்டு புள்ளியாகவே எழுதிவிடலாமே என்றார். இரண்டாவது புள்ளி முதல் புள்ளியில் பாதி. கிராச்செட் ஒன்றே முக்கால்.

ஒரு காலத்தில் புள்ளி, தாளத்தைப் பிரிக்கும் செங்குத்துக் கோட்டைத் தாண்டியும் உட்கார்ந்தது. இப்போது கோட்டைக் கடக்க ‘டை’ என்னும் வளைகோடுதான். அடியை விட்டு விலகி, அடிகளுக்கு நடுவே அழுத்தம் விழுகிற சிங்கோபேஷனுக்கு (கர்நாடக இசையில் அரை இடத்து எடுப்பு கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமல்ல) புள்ளியைவிட டை பல இடங்களில் தெளிவு: அடி எங்கே விழுகிறதென்று கண்ணுக்குத் தெரியும்.

1899இல் வெளிவந்த ‘மேப்பிள் லீஃப் ராக்’ என்ற பியானோ இசையை எழுதிய ஸ்காட் ஜோப்ளினுக்கு இந்தச் சிங்கோபேஷனே தலைவலி. இடக்கை சீராகத் தாளம் போட, வலக்கை அதிலிருந்து நழுவி நழுவிப் போக வேண்டும். வாசித்தவர்களோ அலட்சியமாகக் குழப்பினார்கள். 1908இல் ஆறு பயிற்சிகள் அச்சிட்டார். முதல் பயிற்சியில் வாசிக்க வேண்டிய வரிக்கு மேலே, அழுத்தம் நழுவாத இன்னொரு வரி. அதை வாசிக்கக் கூடாது, பார்க்க மட்டும். கீழே நழுவிய ஒவ்வொரு ஸ்வரமும் எதுவரை நீள்கிறது என்று காட்ட, அதிலிருந்து மேல்வரியின் இரண்டு ஸ்வரங்களுக்கு நேர்கோடுகள் இழுத்திருந்தார், புள்ளி புள்ளியாக.