கோதை: சேர மன்னர் முதல் பூங்கோதை வரை

தமிழகத்தில் பெண்குழந்தைகளுக்குச் சூட்டப்படும் பூப்பெயர்களுள் மல்லிகா, தாமரை, செண்பகம் போன்றவை தனிப்பூவைக் குறிக்க, கோதை என்னும் பெயரோ கோக்கப்பட்ட பூக்களை, அதாவது மாலையைக் குறிக்கிறது. மாலையிலிருந்து அதைச் சூடும் கூந்தலுக்கும், கூந்தலிலிருந்து அதையுடைய பெண்ணுக்கும் அச்சொல் பெயர்ந்து சென்றது. பழைய நிகண்டுகள், அதாவது செய்யுள் வடிவிலமைந்த சொற்பொருள் நூல்கள், இப்பொருள்களோடு சேரனையும் சேர்த்தே சொல்கின்றன. இன்று முழுக்கப் பெண்பெயராகவே வழங்கும் இச்சொல், பழந்தமிழ்ச் சான்றுகளில் ஆட்பெயராக முதலில் தென்படுவது சேர நாட்டு ஆண்மக்களிடத்தில்தான்.

சேரமான் கோக்கோதை மார்பன் என்னும் மன்னனைப் பொய்கையார் புறநானூற்றின் 48, 49ஆம் பாடல்களில் பாடியுள்ளார். இவற்றுள் முதற்பாடல், அவனுடைய கடற்கரை நகரான தொண்டி தேன்மணம் கமழ்வதற்கு மூன்று காரணம் காட்டுகிறது: கோதை என்னும் அரசன் மார்பில் கிடக்கும் மாலை, அவனைத் தழுவிய மகளிர் சூடிய மாலை, கழியில் மலர்ந்த நெய்தற்பூ. அரசன் பெயரும் அவன் அணிந்த மாலையும் ஒரே சொல்லாக அடுத்தடுத்து வந்து ஒலிக்கும் அவ்வடிகளைப் படிக்கும்போது, மாலை அக்காலத்தில் பெண்மையின் அடையாளமாக மட்டும் கருதப்படவில்லை என்பது தெளிவாகும். போருக்குச் செல்லும் வீரனும் பூச்சூடிச் சென்ற காலம் அது. மூவேந்தருள் சேரர் பனம்பூவையும், சோழர் ஆத்தியையும், பாண்டியர் வேம்பையும் தம் குடிக்குரிய அடையாளப் பூவாகக் கொண்டிருந்தனர். மார்பில் புரளும் தார் என்னும் மாலை ஆண்மைக்கு அழகு என்று கருதிய சமூகத்தில், மாலை என்று பொருள்படும் பெயரை மன்னன் ஒருவன் தாங்கியதில் வியப்பில்லை.

இன்னொரு சேரனான மாக்கோதை, கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்று குறிக்கப்படுகிறான். துஞ்சுதல் என்பது உறங்குதல், இங்கே இறந்துபடுதல். புறநானூற்றின் 245ஆம் பாடல் இவன் பாடியது. தன் தேவியின் உடல் விறகு அடுக்கிய ஈமத்தீயில் எரிந்த பின்னும் தன் உயிர் போகவில்லையே, இத்துயரத்திற்கு அவ்வளவு வலிமை இல்லையே என்று கணவன் ஒருவன் தன்னையே நொந்துகொள்ளும் அப்பாடல், தமிழில் எழுந்த கையறுநிலைப் பாடல்களுள், அதாவது இறந்தாரை எண்ணி இரங்கும் பாடல்களுள், மிக உயர்ந்த இடத்தில் வைத்து எண்ணத்தக்கது. மாக்கோதை என்னும் பெயர் ஏட்டில் மட்டுமன்றி வெள்ளியிலும் நிலைத்தது. கரூரில் அமராவதி ஆற்றுப்பகுதியில் கிடைத்த சிறிய வெள்ளிக்காசுகளில், உரோமானியக் காசுகளை நினைவூட்டும் முறையில் தலை உருவம் ஒன்று பொறிக்கப்பட்டு, அதனோடு பழைய தமிழ் எழுத்தில் மாக்கோதை என்னும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. குட்டுவன் கோதை என்ற பெயருள்ள காசும் இதே வகையினது. காசில் இருப்பவன் அந்தப் பாடலைப் பாடியவன்தானா என்பதை அறுதியிட இயலாவிடினும், அரசு நாணயத்தில் பொறிக்கும் அளவிற்கு அப்பெயர் சேரர் குடியில் மதிப்புப் பெற்றிருந்தது என்பதில் ஐயமில்லை. பின்னாளில் மகோதை எனப்பட்ட கொடுங்கல்லூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சேரப் பெருமாள்களிடையேயும் கோதை ரவி, இந்துக் கோதை என இப்பெயர் தொடர்ந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் தெற்கே திருவில்லிபுத்தூரில் இப்பெயரின் போக்கையே மாற்றிய பெண் தோன்றினார். பெரியாழ்வார் தம் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த குழந்தைக்குக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார் என்பதும், இறைவனுக்கெனத் தொடுத்த மாலையை அவள் முதலில் தான் சூடி அழகு பார்த்தாள் என்பதும் வைணவ மரபு சொல்லும் வரலாறு. இங்கே பெயரும் கதையும் ஒன்றாகின்றன. ஆண்டாள் என்று உலகம் போற்றும் இவர், முப்பது பாசுரங்கள் கொண்ட திருப்பாவையின் நிறைவில் தம்மைக் கோதை என்றே குறித்துக்கொள்கிறார். மார்கழி விடியலில் திருப்பாவை ஓதப்படுவதாலும், நாச்சியார் திருமொழியில் அவர் கண்ட திருமணக் கனவைச் சொல்லும் பாசுரங்கள் வைணவத் திருமணங்களில் பாடப்படுவதாலும், அப்பெயர் ஆண்டுதோறும் வீடுதோறும் செவியில் விழுந்துகொண்டே இருந்தது. நல்ல கணவனை வேண்டி நோற்ற பெண்ணின் பெயரை மகளுக்கு இடப் பெற்றோர் விரும்பியது இயல்பே. தமிழ்நாட்டில் கோதை என்பது ஆண்பெயராக வழங்குவது அற்றுப்போனதற்கு, சேரர் ஆட்சி மறைந்ததைக் காட்டிலும் ஆண்டாளின் புகழ் பரவியதே பெரிய காரணம் என்று கொள்ளத் தோன்றுகிறது.

அப்புகழ் மொழி எல்லையையும் கடந்தது. வேதாந்த தேசிகர் வடமொழியில் கோதாஸ்துதி பாடினார். 16ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்னும் காவியமாக்கினார். தெலுங்கர் இல்லங்களில் வழங்கும் கோதாதேவி என்னும் பெயர் இவ்வழியில் வந்ததே. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் புரட்டாசிப் பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கு மதுரைக்கும் கொண்டு செல்லப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இப்பெயரை அச்சு உலகில் விளங்கச் செய்தவர் வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960). சிறுவயதிலேயே மணம் முடிக்கப்பட்டு, பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பின்றி வளர்ந்த அவர், நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியதோடு, ஜகன்மோகினி இதழையும் பல ஆண்டுகள் நடத்தினார். தனித்தமிழ் உணர்வு பெயர்களிலும் புகுந்து பங்கஜமும் புஷ்பமும் தாமரையாகவும் மலராகவும் மாறிய காலத்தில், கோதை மாற்றம் எதுவும் வேண்டாத தமிழ்ப்பெயராகவே நின்றது. பூ என்னும் முன்னொட்டைப் பெற்றுப் பூங்கோதை என்ற வடிவில் சமய எல்லைக்கு வெளியேயும் விரும்பப்பட்டது. 1953இல் பூங்கோதை என்ற பெயரிலேயே ஒரு திரைப்படமும் வெளிவந்தது. அண்மைத் தலைமுறையில் சுருக்கமும் புதுமையும் தேடும் பெற்றோர் யாழினி, நிலா போன்ற பெயர்களை நாடுவதால், கோதை பல இல்லங்களில் பாட்டியின் பெயராகவும், பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் கொண்ட பேத்திக்குச் சடங்கின்போது மட்டும் சொல்லப்படும் பெயராகவும் நின்றுவிட்டது.