மில்டனும் ஐயரும் என் அரியரும்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று குழு நண்பர்கள் கேட்டதும், எனக்கு முதலில் ஞாபகம் வந்தது முதலாண்டு ஆங்கிலத்தில் வாங்கிய அரியர்தான்.

ரெட்டியார்பாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்த தமிழ் மீடியம் மாணவன் நான். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா. "இங்கிலீசு நமக்கு எதுக்குடா? பிரெஞ்சு படிச்சாப் பொழச்சுக்கலாம்" என்பார். ரிசல்ட் வந்த அன்று அவர் சொன்னதே சரி என்று பட்டது. படிப்பையே விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

ஆங்கிலப் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "ஏம்ப்பா, புதுச்சேரிக்காரன்தானே நீ? வ.வே.சு. ஐயர் கதை தெரியுமா?" என்றார். தெரியாது என்று தலையாட்டினேன். அவர் காட்டிய வழியில் நூலகத்தில் தேடிப் படித்தேன்.

வரகனேரிக்காரரான ஐயர், 1907-இல் பாரிஸ்டர் படிக்க லண்டன் போனவர். விடுதலைப் போரில் இறங்கியதால் ஆங்கில அரசு அவரைத் தேடியது. போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி 1910-இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். இது பிரெஞ்சு மண். ஆங்கிலப் போலீஸ் இங்கே கைது செய்ய முடியாது. ஆனால் எல்லையைத் தாண்டினால் ஆபத்து. 1908-லேயே வந்துவிட்ட பாரதியாருக்கும் இதே நிலைதான்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கில ஆட்சியை எதிர்த்த இவர்களே ஆங்கிலக் கவிதையை ஆசையாகப் படித்தவர்கள். பாரதியார் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக் கொண்டவர். ஐயர் முடங்கிக் கிடந்த காலத்தில் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1916-இல் வெளியிட்டார். 1920-இல் தமிழகம் திரும்பியவர், மறு வருஷமே 'தேசபக்தன்' தலையங்கத்துக்காகப் பெல்லாரி சிறைக்குப் போனார். அங்கே கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். ஹோமர், வர்ஜில், மில்டன் வரிசையில் கம்பனை வைத்து எடை போட்ட அந்த நூல், அவர் 1925-இல் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து, 1950-இல்தான் அச்சேறியது.

மில்டன் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. மன்னராட்சியை எதிர்த்து எழுதியவர். 1652 வாக்கில் பார்வை முழுதும் போனது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் சிறை, புத்தகங்களுக்குத் தீ. அதன்பிறகு அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதி முடித்ததுதான் 1667-இல் வந்த 'இழந்த சொர்க்கம்'. முதலில் கைக்கு வந்த பணம் ஐந்து பவுன்!

பரீட்சைக்கு நோட்ஸ் மனப்பாடம் செய்தபோது இதெல்லாம் எனக்கு ஏறவே இல்லை. வழி அடைபட்ட காலத்திலும் கையிலிருக்கும் வேலையை விடாதே என்று இருவருமே எனக்குச் சொன்னதாகப் பட்டது. அரியர் எழுதினேன், பாஸும் ஆனேன்.

பல வருஷம் கழித்து நான் வேலை பார்த்த மில் மூடியது. இரண்டு வருஷம் வீட்டோடு கிடந்தேன். அப்போதுதான் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். பிறகு அதுவே என் சோறு ஆயிற்று.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளே, அரியர் வைத்திருந்தால் கவலை வேண்டாம். நூலகத்தில் ஐயர் இருக்கிறார். போய்ப் பாருங்கள்.