கந்து: யானைக்கும் கடவுளுக்கும் ஒரே தறி

இன்றைக்குக் கந்து என்றதும் வட்டிதான் நினைவுக்கு வரும். அந்தக் கந்து இருக்கட்டும். சங்க காலத்தில் கந்து என்பது ஊர்ப் பொது மன்றமான பொதியிலில் நட்டு வழிபட்ட தூண்.

பட்டினப்பாலை அதைக் கிட்டத்தில் காட்டுகிறது. சிறைபிடித்து வந்த மகளிர் நீர்த்துறையில் மூழ்கி எழுந்து, அந்தியில் அணையா விளக்கை ஏற்றுகிறார்கள். மெழுகிய தரையில் பூக்கள். பலரும் வந்து தொழுகிறார்கள். வழிப்போக்கர் அங்கேயே தங்குகிறார்கள். கோயிலும் அந்தப் பொதியில்தான், சத்திரமும் அதுதான்.

புறநானூற்றின் 52ஆம் பாட்டில் இப்படியொரு பொதியில் பாழாகிக் கிடக்கிறது. கடவுள் தூணைக் கைவிட்டுப் போய்விட்டது, பலியும் நின்றுவிட்டது. நரைத்த கிழவர்கள் சூதாடிச் சூதாடிக் குழிந்துபோன தரையில் காட்டுக்கோழி முட்டையிட்டு நிரப்புகிறது. மருதன் இளநாகனாரின் கண்ணுக்கு அந்தக் குழிகூடத் தப்பவில்லை.

1871இல் வெளிவந்த நூலில் மானிடவியலாளர் டைலர் 'அனிமிசம்' என்ற சொல்லைப் பரப்பினார். அதைப் பிடித்துக்கொண்டு, மரத்தைக் கும்பிட்டவர்கள் மரத்துக்கே உயிர் உண்டென்று நம்பினார்கள் என எழுதிவிடுகிறோம். இளநாகனார் அப்படிச் சொல்லவில்லை. தூண் நிற்கிறது, கடவுள்தான் போய்விட்டது. யானை கட்டும் தறிக்கும் கந்து என்றே பெயர் என்பதை இங்கே மறக்கக் கூடாது. தீனி இருந்தால் யானை நிற்கும். விளக்கும் பலியும் இருந்தால் கடவுள் நிற்கும்.

மணிமேகலையில் கந்து பேசவே தொடங்குகிறது. இளவரசன் உதயகுமரன் வெட்டுண்ட பிறகு, தூணில் உள்ள பாவையான கந்திற்பாவை மணிமேகலைக்கு முற்பிறப்பையும் இனி வரப்போவதையும் சொல்கிறது. அங்கும் தூண் வேறு, அதில் குடியிருக்கும் துவதிகன் என்ற தெய்வம் வேறு.

குறளில் (507) கந்து வெறும் பற்றுக்கோடு. தொல்காப்பியத்தின் 'கந்தழி'க்கு நச்சினார்க்கினியர் பற்றுக்கோடே இல்லாத அருவப் பொருள் என்று உரை சொன்னார். அவர் உரையில் விளக்கும் இல்லை, மெழுகிய தரையும் இல்லை.

தூண் வழிபாடு மட்டும் ஒழியவில்லை. வைகாசியில் கரூர் மாரியம்மன் கோயிலில் கம்பம் நடுகிறார்கள். பெண்கள் குடம் குடமாக நீர் ஊற்றுகிறார்கள். திருவிழா நிறைவில் அதை எடுத்துச் சென்று அமராவதி ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். கந்துக்கு உரை எழுத நினைப்பவர்கள் அகராதியைப் புரட்டுவதற்கு முன் ஒரு வைகாசியில் கரூருக்குப் போய்வரட்டும்.