சைக்கிள் சீட் பிறந்த கதை

ஆழ்வார்திருநகரியிலிருந்து நவதிருப்பதிக் கோயில்களைச் சைக்கிளில் சேவிக்கக் கிளம்பினால் வழியெல்லாம் வயலும் வாழையும்தான், ஏற்றம் குறைவு. அதனாலேயே கால் ஓய்வதற்கு முன் இடுப்புக்குக் கீழே வலி எடுக்கும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கையில் உடம்புக்குச் சற்று விடுதலை கிடைக்கும். சமதரையில் பாரம் முழுக்கச் சீட்டின் மேலேயே கிடக்கும்.

இந்த வலிக்கு மருந்து தேடியவர் ஒரு தோல் தொழிலாளி. ஜான் போல்ட்பீ ப்ரூக்ஸ் 1866-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1878-ல் அவருடைய குதிரை செத்தது. வேறு குதிரை வாங்க வசதியில்லாமல் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டினார். அதன் இருக்கை படுத்திய பாட்டில், நல்ல சீட்டைத் தானே செய்வதென்று இறங்கினார் என்று அவர் நிறுவனம் சொல்லிவருகிறது. 1882-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அந்தத் தோல் சீட்டில் பஞ்சு கிடையாது. கெட்டித் தோலை முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் ரிவெட் அடித்து, கயிற்றுக் கட்டில் போல இழுத்துக் கட்டியிருப்பார்கள். நாளாக ஆக, இடுப்பின் இரண்டு எலும்புகள் அழுந்தும் இடத்தில் தோல் குழிந்து கொடுக்கும். தொய்ந்தால் முன்மூக்கின் அடியிலுள்ள நட்டைத் திருகி இறுக்கலாம்.

1885-ல் ரோவர் சைக்கிளும் 1888-ல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்தபின் சீட்டும் இரண்டு வகையாகப் பிரிந்தது. நிமிர்ந்து ஓட்டினால் பாரமெல்லாம் சீட்டில் இறங்கும். அதற்கு அகலமும் அடியில் ஸ்பிரிங்கும் வேண்டும். 1949-ல் சென்னையில் உருவான டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் போன்ற வண்டிகளில் நம்மவர்கள் கண்டது இதைத்தான். ரோடு பைக்கில் குனிந்தால் பாரத்தில் ஒரு பங்கு கைக்கும் காலுக்கும் போய்விடும். அங்கே அகலச் சீட் தொடையை உரசும், ஒடுக்கமானதே சரி. ஆடி மாத மேல்காற்றை எதிர்த்துத் திருநெல்வேலி நோக்கிக் குனிந்து மிதிப்பவருக்கு இது தெரியும்.

மெத்தென்ற உறை மாட்டினால் சுகம் என்பது தவறு. எலும்பு அதில் புதைந்து, பக்கத்துச் சதை நசுங்கி மரத்துப்போகும். உயரம் சரியாக இருப்பதே முதல் சுகம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மடங்கும்.

பள்ளியில் தரும் விலையில்லாச் சைக்கிளை எல்லாப் பிள்ளைகளும் ஒரே சீட் உயரத்தில் ஓட்டக் கூடாது. ஒரு ஸ்பானர் போதும். உங்கள் பிள்ளையின் சீட்டை இன்றே அவர் காலுக்கு ஏற்ப வைத்துக் கொடுங்கள்.